காணாத் துணையும் கணக்கிடப்பட்ட இனமும்: மிகுபுனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் குழந்தையின் ஃபே தோழமை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு குழந்தையின் கண்ணுக்கு மட்டும் புலப்படும் மாயத் துணை என்னும் உரு, மேலைநாட்டார் வழக்காற்றின் கூறுகளையும் குழந்தை உளவியல் விவரிக்கும் கற்பனைத் தோழமையையும் ஒருங்கே கொண்டது. அது இன்று மிகுபுனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலும் இடம்பெறுகிறது. அவ்விளையாட்டுகளில் ஆட்டக்காரர் ஏற்கத்தக்க உயிர்வகைகள் நெடுங்காலம் ‘இனம்’ என்னும் பெயரால் வகுக்கப்பட்டு வந்தன. இனம் உடலைக் கணக்கிடுகிறது. துணையோ உறவினால் நிலைபெறுகிறது. இம்முரணை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சேஞ்ச்லிங்: தி டிரீமிங், மான்ஸ்டர்ஸ் அண்ட் அதர் சைல்டிஷ் திங்ஸ் ஆகிய மூன்று விளையாட்டுகளின் விதிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. காணாமையை உடலின் பண்பாகக் கொள்ளாது இருவருக்கு இடையிலான உறவாகக் கொள்ளும் விதியமைப்பே இவ்வுருவைச் சிதைக்காமல் ஏற்கவல்லது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, பாத்திரமேற்பு விளையாட்டு, ஃபே, கற்பனைத் தோழர், காணாமை, இனம், விதிநூல்.

முன்னுரை

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் கூடிக் கதை புனையும் விளையாட்டாகும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கின்றனர்; ஆட்டநடத்துநர் உலகையும் ஏனைய மாந்தரையும் ஏற்கிறார். செயலின் விளைவு உறுதியற்றதாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

இத்தகைய விளையாட்டின் விதிநூலையும் இலக்கியப் பனுவலைப் போன்றே திறனாய்வுக்கு உட்படுத்தலாம். புதினம் ஓர் உயிரை வருணிக்கிறது. விதிநூலோ அவ்வுயிரால் எவை இயலும், எவை இயலா என வரையறுக்கிறது. எனவே விதிநூல் எதனை எண்ணால் குறிக்கிறது, எதனைக் குறிக்காமல் விடுகிறது என்று நோக்கினால், அது அவ்வுயிரைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து புலப்படும்.

ஐரோப்பிய நாட்டார் வழக்காற்றில் மனிதருக்கும் தேவர்க்கும் இடைப்பட்டவராகக் கருதப்படும் மாய உயிர்கள் ‘ஃபே’ எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்கு மட்டும் தோன்றி, அதனோடு விளையாடி, அது வளர்ந்தபின் மறைந்துவிடுவதாகக் கொள்வோம். அந்த ஃபேயை ஓர் ஆட்டக்காரர் தம் கதைமாந்தராக ஏற்க விரும்பினால், விதிநூல் அதற்கு எவ்வாறு இடமளிக்கும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பிறர் பார்வையைச் சார்ந்து மட்டுமே இருக்கும் ஓர் உயிரைத் தன்னுரிமையுடைய மாந்தராகக் கருத இயலுமா என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

இனம் என்னும் விதிக்கூறு

1974ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதரோடு எல்ஃப், டுவார்ஃப், ஹாபிட் ஆகியோரையும் ஆட்டக்காரர் ஏற்கலாம். 1978இல் வெளிவந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டில் இனங்களின் பட்டியல் விரிந்தது. ஓர் இனத்தைத் தேர்ந்தால் வலிமை, உடலுறுதி போன்ற பண்புகளின் எண்கள் கூடும் அல்லது குறையும். உடலளவு, நடைவேகம், இருளில் காணும் திறன் முதலியனவும் இனத்தாலேயே உறுதிசெய்யப்படும்.

இவ்வமைப்பின் மீது நெடுங்காலமாகக் கண்டனம் எழுந்துவந்தது. அறிவும் வலிமையும் பிறப்பாலேயே அமைகின்றன என்னும் கருத்தை அது விளையாட்டாகவேனும் உறுதிப்படுத்துகிறது என்பது அக்கண்டனத்தின் சாரம். 2020இல் வெளியான டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்னும் துணைநூல், இனத்தால் வரும் எண்களை ஆட்டக்காரர் விருப்பம்போல் இடம்மாற்றிக்கொள்ள வழிசெய்தது. 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘இனம்’ என்னும் சொல் நீங்கி, உயிரியல் வகையைக் குறிக்கும் ‘ஸ்பீசீஸ்’ என்னும் சொல் இடம்பெற்றது. பண்பெண்களும் மாந்தரின் பின்னணிக்கு மாற்றப்பட்டன.

இத்திருத்தங்கள் இன்றியமையாதவை. எனினும் அவை கைவைக்காத அடிப்படை ஒன்று உண்டு. பெயர் எதுவாயினும், ஆட்டக்காரர் ஏற்கும் உயிர் தனக்கென ஓர் உடலை உடையது. அவ்வுடலின் பண்புகள் யார் முன்னிலையிலும் மாறாதவை. குழந்தையின் காணாத் துணை இவ்வடிப்படைக்குள் அடங்குவதில்லை.

வழக்காற்றில் காணாமை

நாட்டார் வழக்காற்றில் காணாமை ஃபேயின் உடலில் மட்டும் உறைவதில்லை. காண்பவரின் கண்ணையும் அது சார்ந்துள்ளது. ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் ஊரில் சமயகுருவாக இருந்த ராபர்ட் கெர்க் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தி சீக்ரெட் காமன்வெல்த் இதற்குச் சான்றாகும். 1815இல் முதன்முதலாக அச்சேறிய இந்நூல், ‘இரண்டாம் பார்வை’ பெற்றோர்க்கே ஃபேக்கள் புலப்படுவர் என்கிறது. மனிதர் ஒருவரின் சாயலை அப்படியே கொண்டு, இரட்டைப் பிறவிபோல் அவருடன் திரியும் ‘உடன் நடப்பவர்’ என்னும் உருவையும் கெர்க் விவரிக்கிறார். மனிதரோடு இணைபிரியாத காணாத் துணை என்னும் எண்ணத்தின் பழைய வடிவங்களுள் இதனையும் ஒன்றாகக் கருதலாம்.

பிரித்தானியத் தீவுகளில் வழங்கும் மருத்துவச்சிக் கதையும் இங்கு நோக்கத்தக்கது. ஃபே குடும்பம் ஒன்றில் பேறுபார்க்கச் செல்லும் மருத்துவச்சியிடம், குழந்தையின் கண்ணில் பூசுமாறு ஒரு மருந்து தரப்படுகிறது. அது தற்செயலாகத் தன் கண்ணிலும் பட்டுவிட, அவள் ஃபேக்களைக் காணும் ஆற்றல் பெறுகிறாள். பின்னொருநாள் சந்தையில் ஒரு ஃபேயைக் கண்டு நலம் விசாரிக்கிறாள். எந்தக் கண்ணால் கண்டாய் எனக் கேட்டறிந்த ஃபே, அக்கண்ணின் பார்வையைப் பறித்துவிடுகிறது. இக்கதையில் காணுதல் ஓர் உரிமை. உரியவர் அளிக்காமல் வந்த உரிமைக்குத் தண்டனை உண்டு.

அயர்லாந்தின் ‘பூக்கா’ வழக்காற்றிலிருந்து பொதுமக்கள் கலைக்குள் வந்த உரு. உருமாறி வழிப்போக்கரை அலைக்கழிக்கும் இயல்பினதாகக் கதைகளில் வரும் பூக்காவை, மேரி சேஸ் தம் ஹார்வி நாடகத்தில் (1944) ஆளுயரத்தை விஞ்சிய முயலாக, நாயகனின் இணக்கமான நண்பனாக ஆக்கினார். 1945இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்நாடகம் 1950இல் திரைப்படமாயிற்று. நாயகன் வளர்ந்தவன், எனினும் அவனைச் சூழ்ந்தோர் கொள்ளும் பதற்றம், பேசிக்கொண்டே விளையாடும் குழந்தையைக் கண்டு பெற்றோர் கொள்ளும் பதற்றத்தை ஒத்தது. வழக்காற்று ஃபேயும் கற்பனைத் தோழரும் ஓருருவாக இணையும் இடமாக ஹார்வியைக் கொள்ளலாம்.

உளவியல் காட்டும் தோழர்

கற்பனைத் தோழர் பற்றிய ஆய்வில் மார்ஜரி டெய்லரின் பணி முதன்மையானது. 1999இல் வெளியான அவர்தம் நூல், இத்தகைய தோழமை தனிமையின் அல்லது நோயின் அடையாளம் என்னும் பழைய கருத்தை மறுத்தது. டெய்லரும் உடன் ஆய்வாளரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயது வரையிலான காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழரைக் கொண்டிருந்த குழந்தைகள் 65 விழுக்காட்டினர். உயிருள்ளதாகக் கருதிப் பேசப்படும் பொம்மைகளும் இக்கணக்கில் அடங்கும்.

இவ்வாய்வுகளில் இரு செய்திகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. முதலாவது, குழந்தைகள் பெரும்பாலும் தம் தோழர் கற்பனையே என்பதை அறிந்திருக்கின்றனர். இரண்டாவது, அவ்வாறு அறிந்திருந்தும் தோழர் தம் சொற்படி நடப்பதில்லை என்று முறையிடுகின்றனர். அழைத்தால் வராத, உரத்துப் பேசுகிற, விளையாட்டுப் பொருளைப் பகிர மறுக்கிற தோழர்கள் பலர். தான் புனைந்த உயிரே தனக்கு அடங்காமல் நிற்பதைக் குழந்தை உணர்கிறது. எழுத்தாளர்களிடமும் இவ்வுணர்வு உண்டு. டெய்லர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 50 புனைகதை எழுத்தாளருள் 92 விழுக்காட்டினர், தம் கதைமாந்தர் தாமாகவே இயங்குவதாக உணர்ந்த அனுபவத்தைக் கூறியுள்ளனர்.

வழக்காறும் உளவியலும் தரும் இச்செய்திகளிலிருந்து காணாத் துணைக்கு மூன்று இயல்புகளை வகுக்கலாம். அது ஒருவருக்குப் புலப்பட்டுப் பிறர்க்குப் புலப்படாதது. அது அவரைச் சார்ந்திருந்தும் அவருக்கு அடங்காதது. அதன் காலம் அக்குழந்தையின் பருவத்தோடு முடியக்கூடியது. பார்வை, அடங்காமை, முடிவு ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு விளையாட்டுகளை இனி நோக்கலாம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஒளியால் நீங்கிய காணாமை

இவ்விளையாட்டின் 2014ஆம் ஆண்டு மான்ஸ்டர் மேனுவலில் பிக்ஸி என்னும் சிறு ஃபே உள்ளது. ஆட்டநடத்துநர் இயக்கும் இவ்வுயிரின் உயிர்ப்புள்ளி 1 மட்டுமே. எனினும் மனம் ஒருமுகப்பட்டிருக்கும் வரை தன்னைக் காணாமல் மறைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. எளிதில் நொறுங்கும் உடலும் எளிதில் மறையும் ஆற்றலும் கொண்ட பிக்ஸி, வழக்காற்று ஃபேயின் சாயலை ஓரளவு காத்துள்ளது.

2021இல் வெளியான தி வைல்டு பியாண்ட் தி விட்ச்லைட், ஃபேரி என்னும் உயிர்வகையை ஆட்டக்காரர் ஏற்கும் இனமாக அளித்தது. இவ்வினத்தார் பறக்கவல்லவர், ஃபே என்னும் வகையினர், சில மந்திரங்களை இயல்பாகவே பெறுபவர். பிக்ஸியின் காணாமை இவர்களுக்கு வழங்கப்படவில்லை. மூன்றாம் நிலையில் இவர்கள் பெறும் மந்திரம் ஃபேரி ஃபயர். அம்மந்திரத்தின் ஒளி எவர்மீது படிகிறதோ அவர் கட்புலனாகாமையின் பயனை இழக்கிறார். ஏற்கத்தக்க இனமானபோது ஃபே தன் மறைவை இழந்ததோடு, மறைந்திருக்கும் பிறரையும் வெளிக்காட்டும் ஆற்றலைப் பெற்றது.

இதற்கு நடைமுறைக் காரணம் கூறலாம். விரும்பியபோதெல்லாம் மறைந்தும் பறந்தும் செல்லும் மாந்தர் ஒருவர் முதல் நிலையிலேயே மேசைக்கு வந்தால் ஏனையோரின் பங்கு சுருங்கும். ஆட்டச் சமநிலை கருதிய இம்முடிவைக் குறைகூற இயலாது. மேலும் இவ்வினம் குழந்தையின் கற்பனைத் தோழராகப் படைக்கப்பட்டதும் அன்று. கருதத்தக்கது வேறொன்று: இவ்விதிகளில் காணாமை என்பது போர்ச் சாதகமாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. மறைந்தவரைத் தாக்குவோர்க்குப் பகடையில் பாதகம். மறைந்தவர் தாக்கும்போது சாதகம். சிறப்புப் புலன்கள் உடையோரை விடுத்தால் அது எல்லார்க்கும் ஒரே வகையில் மறைப்பது. தான் தேர்ந்த ஒருவருக்குத் தெரிந்து பிறர்க்குத் தெரியாமை என்னும் உறவுநிலைக்கு இவ்வரையறையில் இடமில்லை.

இதே நூலின் கதைத் தொடக்கங்களுள் ஒன்றில், ஆட்டக்காரரின் மாந்தர்கள் குழந்தைகளாக ஒரு மாயத் திருவிழாவுக்குள் நுழைந்து, அங்கே தம்முடைய ஒன்றை இழந்தவர்கள். வளர்ந்தபின் அதனைத் தேடி மீண்டும் வருகின்றனர். குழந்தைப்பருவம் இழப்பாகவும் ஃபே உலகம் அவ்விழப்பு நிகழ்ந்த இடமாகவும் கதையில் வருகின்றன. இழப்பு கதைப்பின்னணியிலும் சிறகு விதியிலும் இடம்பெற்றுள்ளன. இரண்டையும் இணைக்கும் விதியை ஃபேரி இனத்தின் பண்புகளில் காண இயலவில்லை.

சேஞ்ச்லிங்: தி டிரீமிங்: மறதியின் விதி

ஒயிட் வுல்ஃப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட சேஞ்ச்லிங்: தி டிரீமிங், முடிவு என்னும் இயல்பை விதியாக்கிய விளையாட்டாகும். மனித உடலில் பிறந்த ஃபே ஆன்மாக்களே இதன் மாந்தர்கள். அவர்களின் ஃபே உருவம் ஏனைய ஃபேக்களுக்கும் மயக்கூட்டப்பட்ட மனிதருக்கும் மட்டுமே புலப்படும். குழந்தை, இளையோர், முதிர்ந்தோர் என மூன்று பருவநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. பனாலிட்டி எனப்படும் அன்றாட வறட்சியைக் குறிக்கும் எண் ஒன்று மாந்தர்தாளில் உண்டு. அது ஏற ஏற ஃபே இயல்பு மங்குகிறது. முடிவில் மாந்தர் தாம் யாரென்பதையே மறந்து எளிய மனிதராக வாழத் தொடங்குவார். பொதுவாக மாந்தர்தாளின் எண்கள் வளர்ச்சியைக் காட்டும் இவ்விலக்கிய வகையில், மறதியை அளக்கும் எண்ணை நடுவில் வைத்தது இவ்விளையாட்டின் துணிவு.

இதன் இனங்களுள் ஒன்று பூக்கா. விலங்கியல்பும் குறும்பும் உடைய பூக்காக்கள் உண்மையை நேராகச் சொல்ல இயலாதவர்கள். ஹார்வியின் வழிவந்த இந்த உருவத்தில் நண்பன் என்னும் கூறு குறைந்து, குறும்பன் என்னும் கூறு மேலோங்கியுள்ளது.

கனவினின்று பிறக்கும் ‘கைமெரா’ என்னும் உயிர்களே இவ்விளையாட்டில் கற்பனைத் தோழருக்கு மிக நெருங்கியவை. குழந்தையின் கற்பனையில் தோன்றிய உயிரும் கைமெராவாக உலவலாம். ஆனால் ஆட்டக்காரர் அதனைத் தம் மாந்தராக ஏற்பதில்லை. செல்வம், தொடர்பு முதலியவற்றைப் போன்ற ‘பின்னணி’ உடைமையாகப் புள்ளி கொடுத்துப் பெறுகிறார். மறதியின் துயரை இவ்வளவு கூர்மையாக விதியாக்கிய நூல், மறக்கப்படும் துணையை உடைமைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. இங்கே துயருறுபவர் மறப்பவர் மட்டுமே. மறக்கப்படுபவரின் நிலை எண்ணாலும் சொல்லாலும் விதியில் இடம்பெறவில்லை. அடங்காமை என்னும் இரண்டாம் இயல்பு இதனால் ஆட்டநடத்துநரின் விருப்பத்திற்கு விடப்படுகிறது.

மான்ஸ்டர்ஸ் அண்ட் அதர் சைல்டிஷ் திங்ஸ்: உறவின் எண்

பெஞ்சமின் பாவ் எழுதி ஆர்க் டிரீம் பதிப்பகம் 2007இல் வெளியிட்ட மான்ஸ்டர்ஸ் அண்ட் அதர் சைல்டிஷ் திங்ஸ், துணையை உடைமைப் பட்டியலிலிருந்து மீட்கிறது. பள்ளிக் குழந்தையும் அதன் அரக்க நண்பனும் சேர்ந்தே இங்கு மாந்தராக வகுக்கப்படுகின்றனர். அரக்கனுக்குத் தன் குணம், தனக்குப் பிடித்த பொருள், பெரியோர் கண்ணில் படாமல் ஒளியும் வழி ஆகியவை குறிக்கப்படுகின்றன. அரக்கனின் உடற்பகுதிகளும் பகடைகளால் அளக்கப்படுகின்றன. ஆகவே உடற்கணக்கு முற்றும் நீங்கவில்லை.

புதுமை குழந்தையின் பக்கத்தில் உள்ளது. தாய், நண்பர், ஆசிரியர் என ஒவ்வோர் உறவும் பகடை எண்ணிக்கையால் குறிக்கப்படுகிறது. இடர் நேரும்போது அவ்வுறவை நினைத்து அதன் பகடைகளைச் சேர்த்து உருட்டலாம். முயற்சி தோற்றால் ஊறு அவ்வுறவுக்கே நேரும். பின்னர் அவரோடு பொழுது கழித்துத்தான் அதனைச் சீர்செய்ய இயலும். உறவு இங்கே கதைப்பின்னணியாக நின்றுவிடாமல், வலிமை தருவதும் காயப்படுவதுமாகிய விதிப்பொருளாகிறது.

இவ்விளையாட்டின் தொனி நகைச்சுவையானது. அரக்கர்கள் அச்சமும் வேடிக்கையும் கலந்தவர்கள். முடிவு என்னும் மூன்றாம் இயல்பு அதன் விதிகளில் முதன்மை பெறவில்லை. குழந்தை வளர்வதைப் பற்றிச் சேஞ்ச்லிங் அறிந்ததை இது அறியாதது. துணையைப் பற்றி இது அறிந்ததைச் சேஞ்ச்லிங் அறியாதது.

மறுப்பும் விடையும்

இங்கு மறுப்பொன்று எழக்கூடும். பிறிதொருவர் காணாதபோது மறைந்தொழியும் மாந்தரை ஏற்கும் ஆட்டக்காரர், தம் விளையாட்டையே பிறர் கையில் ஒப்படைக்கிறார். இத்தகைய சார்பை விதியாக்குவது ஒருவரை மற்றவருக்கு அடிமையாக்குவதாகும் என்பது அம்மறுப்பு. உடலுடைய இனமாக மாற்றியமைத்ததே துணைக்குக் கிடைத்த விடுதலை என்று இதனடிப்படையில் வாதிடலாம்.

இம்மறுப்பு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் சார்பு ஒருவழிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று அது முற்கோளாகக் கொள்கிறது. டெய்லரின் ஆய்வில் வரும் குழந்தை தன் தோழரைப் புனைந்தபின்னும் அவரை ஏவ இயலாமல் நிற்கிறது. குழந்தையிடம் பார்வை உள்ளது. தோழரிடம் மறுப்பு உள்ளது. இவ்விரு ஆற்றல்களையும் இரு ஆட்டக்காரரிடம் பிரித்தளித்தால் சார்பு இருவழிப்பட்டதாகிவிடும்.

இத்தகைய பகிர்வுக்கு முன்மாதிரி உண்டு. ஒயிட் வுல்ஃப் நிறுவனத்தின் ரெய்த்: தி ஒப்ளிவியன் (1994) விளையாட்டில், ஒவ்வோர் ஆவி மாந்தரின் உள்ளிருந்து அழைக்கும் ‘நிழல்’ என்னும் இருட்பகுதியை மற்றோர் ஆட்டக்காரர் ஏற்றுப் பேசலாம். தன் மாந்தரின் உட்குரலே தன் வசத்தில் இல்லை என்னும் அனுபவம் இதனால் மேசையில் நிகழ்கிறது. ரெய்த் இவ்வுத்தியை அழிவின் குரலுக்குப் பயன்படுத்தியது. அதனைத் தோழமையின் குரலுக்குப் பயன்படுத்தத் தடையேதும் இல்லை.

அவ்வாறெனில், காணாத் துணையை ஏற்க விழையும் விதிநூல் மூன்றை வரையறுக்க வேண்டும். யாருக்குத் துணை புலப்படும் என்பதை, துணையின் உடற்பண்பில் எழுதாமல் குழந்தை மாந்தருடனான உறவில் எழுதவேண்டும். குழந்தை கேட்பதைத் துணை மறுக்கும் உரிமையை, அவ்வாறு மறுப்பதன் விலையோடு சேர்த்து வகுக்கவேண்டும். பிரிவு எவ்வாறு நிகழும், பிரிந்தபின் துணையை ஏற்ற ஆட்டக்காரர் எதனை ஏற்பார் என்பதையும் கூறவேண்டும். இம்மூன்றாவதே மூன்று விளையாட்டுகளிலும் விடுபட்டது. மறக்கப்பட்ட துணை வேறொரு குழந்தையைத் தேடிச் செல்கிறதா, வளர்ந்தவரின் வீட்டு வாயிலில் காத்திருக்கிறதா என்பதைக் கதையாகச் சொல்லப் பலரால் இயலும். அதனைத் துணையின் பக்கமிருந்து ஆடிப்பார்க்க இயலச் செய்வது விதிநூலுக்குரிய பணி.

முடிவுரை

ஆய்வுக்கு உட்பட்ட மூன்று விளையாட்டுகளும் காணாத் துணையின் வெவ்வேறு கூற்றை ஏற்றுள்ளன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஃபேயைத் தன்னுரிமையுள்ள மாந்தராக்கியது. அதற்கு ஈடாக அதன் மறைவை நீக்கியது. சேஞ்ச்லிங் பருவத்தின் முடிவை எண்ணால் அளந்தது, துணையை உடைமையாக்கியது. மான்ஸ்டர்ஸ் துணையையும் உறவையும் விதிக்குள் கொணர்ந்தது, பிரிவை விட்டுவிட்டது.

இம்மூன்று குறைகளும் ஒரே மூலத்தினின்று எழுவன. தனித்து நிற்கவல்ல உடலே மாந்தராக முடியும் என்னும் முற்கோள் இவ்விலக்கிய வகையில் ஆழ வேரூன்றியுள்ளது. இனம் என்னும் சொல் நீக்கப்பட்ட பின்னரும் அம்முற்கோள் தொடர்கிறது. சார்ந்திருக்கும் உயிர் குறையுடைய உயிர் என்று அது உட்கிடையாகக் கூறுகிறது. கற்பனைத் தோழரோடு வளரும் குழந்தையோ வேறுவிதமாக நடந்துகொள்கிறது. தான் இல்லாவிட்டால் தோழரும் இல்லை என்பதை அறிந்தும், அவருக்கு உணவு மேசையில் இடம் ஒதுக்குகிறது, அவரோடு பிணங்குகிறது, அவர் வர மறுத்தால் காத்திருக்கிறது. சார்ந்திருப்பவரையும் மதிக்கும் இந்நடத்தையை விதியாக எழுதும் நூலில், காணாத் துணைக்குத் தனி இனம் என்னும் பெயர் தேவைப்படாது.